பைதான் வலை ஏபிஐ சோதனையில் ஜேசன் சீரியலைஸ் பிழைகளைத் தீர்ப்பது: முழுமையான வழிகாட்டி

ஃபாஸ்ட்ஏபிஐ (வலைச் சேவை எழுத உதவும் பைதான் நூலகம்) கொண்டு எழுதிய ஒரு சேவையைப் பைடெஸ்ட் (சோதனைகளை ஓட்டும் கருவி) மூலம் சோதிக்கும்போது, பெரும்பாலானோர் முதல் வாரத்திலேயே சந்திக்கும் பிழை இதுதான்:

டைப்எரர்: ஆப்ஜெக்ட் ஆஃப் டைப் டேட்டைம் இஸ் நாட் ஜேசன் சீரியலைசபிள்

ஜேசன் என்பது தரவை உரையாக எழுதி அனுப்பும் ஒரு வடிவம்; தரவை அந்த வடிவுக்கு மாற்றுவதே சீரியலைஸ். பிழையின் பொருள் எளிது. ஜேசனுக்குத் தெரியாத ஒரு வகையை அதற்குள் திணிக்க முயன்றிருக்கிறோம். ஆனால் அந்த முயற்சி எங்கே நடந்தது என்பதைச் செய்தி சொல்வதில்லை. புதியவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். என்னுடன் பணியாற்றிய ஓர் இளைஞர் சர்வர் பக்கத்து ஃபங்ஷனை ஒரு மதியம் முழுவதும் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தார். பிழையோ அவருடைய சோதனைக் கோப்பின் ஒரே ஒரு வரியில் இருந்தது, கோரிக்கை சர்வரை எட்டவே இல்லை. ஆகவே இந்த வழிகாட்டியில் திருத்தங்களைவிட வரிசைக்கே முதலிடம்: முதலில் இடத்தைக் கண்டறிய வேண்டும், பிறகு புலத்தை, அதன் பிறகே திருத்தம்.

எடுத்துக்காட்டாக, ஓர் உணவக ஆர்டர் சேவையை வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆர்டருக்கும் யுயுஐடி வகையில் ஓர் அடையாள எண், டேட்டைம் வகையில் பதிவு நேரம், டெசிமல் வகையில் மொத்தத் தொகை, செட் வகையில் குறிச்சொற்கள் உண்டு. இந்த நான்கில் எதையும் பைதானின் ஜேசன் மாட்யூல் தானாக மாற்றாது. கட்டளைப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன்; நிரலில் வழக்கமான எழுத்துகளிலேயே தட்டச்சு செய்யவும்.

1. தொடங்கும் முன் உறுதிசெய்ய வேண்டியவை

பைதான், ஃபாஸ்ட்ஏபிஐ, பைடான்டிக் (ஃபாஸ்ட்ஏபிஐ தரவைச் சரிபார்க்கப் பயன்படுத்தும் நூலகம்) ஆகிய மூன்றின் பதிப்பு எண்களையும் பிப் மூலம் பார்த்துக் குறித்து வையுங்கள். பைடான்டிக் 1, 2 ஆகிய பதிப்புகளுக்கிடையே முறைகளின் பெயர்கள் மட்டுமல்ல, சில வகைகள் ஜேசனில் எப்படி வெளிவரும் என்பதும் மாறியிருக்கிறது. பழைய விடை ஒன்றைப் படித்துவிட்டுப் புதிய பதிப்பில் ஒட்டவைத்தால், பிழை நீங்கி வேறொரு பிழை வரும். இந்த வழிகாட்டி 2ஆம் பதிப்பை அடிப்படையாகக் கொண்டது.

தோல்வியுறும் ஒரே ஒரு சோதனையை மட்டும் தனியாக ஓட்டும் வசதி வேண்டும். நாற்பது சோதனைகளின் டிரேஸ்பேக்குகளை (பிழை எழுந்த வழியைக் காட்டும் வரிகளை) ஒன்றாகப் பார்த்தால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. பைடெஸ்டுக்குச் சோதனையின் பெயரைக் கொடுத்து அதை மட்டும் ஓட்டுங்கள்.

ஜேசன் மாட்யூல் இயல்பாக ஏற்கும் வகைகளையும் நினைவில் வைத்திருங்கள்: டிக்‌ஷனரி, லிஸ்ட், டியூப்பிள், சரம், முழு எண், ஃப்ளோட், பூலியன், நன் (வெற்று மதிப்பு). இதற்கு வெளியே உள்ள எதற்கும் யாரோ ஒருவர் மாற்று வடிவத்தைச் சொல்லித்தர வேண்டும்.

2. பிழை எந்தப் பக்கத்தில் நிகழ்ந்தது என்று கண்டறிதல்

ஒரு சோதனையில் இத்தகைய ஜேசன் பிழை மூன்று இடங்களில் எழலாம். சோதனை அனுப்பும் தரவு ஜேசனாக மாறுகிறது. சர்வர் திருப்பும் தரவு ஜேசனாக மாறுகிறது. வந்த ஜேசனைச் சோதனை மறுபடியும் பைதான் தரவாகப் படிக்கிறது. மூன்றில் எது உடைந்தது என்று தெரியாமல் ஒரு வரியையும் தொடக் கூடாது.

சோதனையிலிருந்து கோரிக்கை அனுப்பும் கருவியான ஃபாஸ்ட்ஏபிஐயின் டெஸ்ட்கிளையன்ட், சர்வருக்குள் எழும் பிழையை 500 (சர்வர் பிழை) என்ற மறுமொழியாக மூடி மறைக்காமல், அப்படியே சோதனைக்குள் எறிந்துவிடும். இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதன் விளைவாகச் சோதனையின் பிழையும் சர்வரின் பிழையும் திரையில் ஏறத்தாழ ஒரே மாதிரி தெரிகின்றன. இரண்டுமே சோதனைக் கோப்பின் அதே ‘கிளையன்ட்.போஸ்ட்’ வரியில் தொடங்குகின்றன. இரண்டுமே பைதானின் ஜேசன் என்கோடர் கோப்பில் முடிகின்றன. வேறுபாடு நடுவில்தான் இருக்கிறது.

எனவே டிரேஸ்பேக்கைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். ஜேசன் என்கோடருக்குச் சற்று மேலே, கோரிக்கையை அனுப்பும் எச்டிடிபிஎக்ஸ் நூலகத்தின் கோப்பு இருந்து, கோரிக்கைக்குப் பதில் தரும் உங்கள் ரூட் ஃபங்ஷனைப் பற்றிய பேச்சே எங்கும் இல்லையென்றால், அனுப்பும் பக்கத்தில் பிழை. அதே இடத்தில் ஃபாஸ்ட்ஏபிஐயின் அடித்தள நூலகமான ஸ்டார்லெட்டின் ரெஸ்பான்ஸஸ் கோப்போ ஃபாஸ்ட்ஏபிஐயின் என்கோடர்ஸ் கோப்போ இருந்தால், கோரிக்கை நலமாகப் போய்ச் சேர்ந்து, திரும்பும் வழியில் பிழை. பிழையின் பெயரே ஜேசன்டிகோட்எரர் என்று இருந்தால், படிக்கும் பக்கம்.

டிரேஸ்பேக் மிக நீளமாக இருந்து குழப்பினால், எளிய வழி ஒன்று உண்டு. டெஸ்ட்கிளையன்டை உருவாக்கும்போது ‘ரைஸ்_சர்வர்_எக்செப்ஷன்ஸ்’ என்பதை ஃபால்ஸ் என்று கொடுத்து மறுபடி ஓட்டுங்கள். இப்போதும் அதே டைப்எரர் எழுந்தால் தவறு சோதனையில். 500 என்ற மறுமொழி வந்தால் தவறு சர்வரில். இடம் தெரிந்தவுடன் அந்த மாற்றத்தை நீக்கிவிட வேண்டும். அதை அப்படியே விட்டுவைத்தால் நாளை வேறு பிழைகள் வாயடைத்துப் போகும்.

3. எந்தப் புலம் என்று கண்டறிதல்

பிழைச் செய்தி வகையின் பெயரைச் சொல்கிறது, புலத்தின் பெயரைச் சொல்வதில்லை. பைதான் 3.14 முதல், எந்தக் கீயின் மதிப்பை மாற்றும்போது பிழை எழுந்தது என்ற குறிப்பும் செய்தியோடு சேர்ந்து வருகிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில், தரவின் ஒவ்வொரு கீயையும் தனித்தனியாக ‘ஜேசன்.டம்ப்ஸ்’ கொண்டு மாற்றிப் பார்க்கும் நான்கு வரிச் சுழற்சி ஒன்றை எழுதிவிடுவதே விரைவானது. கண்ணால் தேடுவதை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் இரண்டு டேட்டைம் புலங்கள் இருக்கும்போது நாம் எப்போதும் தவறானதைத்தான் முதலில் திருத்துவோம்.

வகையின் பெயரே சில நேரம் காரணத்தையும் சொல்லிவிடும். கோரூட்டீன் (இன்னும் ஓடாத அசின்க் ஃபங்ஷன் அழைப்பு) என்று வந்தால் எங்கோ ‘அவெய்ட்’ விடுபட்டிருக்கிறது. இன்ட்64 என்று வந்தால் நம்பை அல்லது பாண்டாஸ் (எண் கணக்கு நூலகங்கள்) கணக்கின் விளைவு நேராக மறுமொழிக்குள் போயிருக்கிறது. அதற்கு ‘ஐட்டம்’ முறையை அழைத்தால் சாதாரண முழு எண் கிடைக்கும். நம்பையின் ஃப்ளோட்64, பைதானின் ஃப்ளோட்டிலிருந்து பிறந்த வகை என்பதால் தடையின்றிப் போய்விடும். இன்ட்64 அப்படிப் போகாது. ‘சராசரி வேலை செய்கிறது, எண்ணிக்கை மட்டும் உடைகிறதே’ என்று குழம்புபவர்களுக்கு விடை இதுதான்.

வகையைப் பற்றிப் பேசாமல், கீகள் சரமாகவோ எண்ணாகவோ இருக்க வேண்டும் என்று செய்தி சொன்னால், டிக்‌ஷனரியின் கீயாக டியூப்பிள் போன்ற ஒன்றை வைத்திருக்கிறீர்கள். ‘ஸ்கிப்கீஸ்’ என்ற விருப்பத்தைப் போட்டால் பிழை மறையும், அந்தத் தரவும் சேர்ந்தே மறையும். கீயைச் சரமாக மாற்றுவதே முறை.

4. அனுப்பும் பக்கத்தைச் சரிசெய்தல்

கிளையன்டின் ‘ஜேசன்’ அளவுருவுக்குள் கொடுக்கும் தரவை மாற்றுவது எச்டிடிபிஎக்ஸ். அதற்கு ஃபாஸ்ட்ஏபிஐயும் தெரியாது, பைடான்டிக்கும் தெரியாது. பைடான்டிக்கில் எழுதிய உங்கள் ஆர்டர் மாடலை அப்படியே கொடுத்தால், ‘ஆப்ஜெக்ட் ஆஃப் டைப் ஆர்டர்’ என்று தொடங்கும் பிழை வரும்.

உடனே பலரும் ‘மாடல்_டம்ப்’ முறையை அழைக்கிறார்கள். பிழையில் ஆர்டர் என்ற பெயர் போய் யுயுஐடி என்ற பெயர் வருகிறது, அவ்வளவுதான். ‘மாடல்_டம்ப்’ இயல்பாகத் தருவது பைதான் டிக்‌ஷனரி. அதற்குள் டேட்டைமும் டெசிமலும் அப்படியே உட்கார்ந்திருக்கும். அதே முறையை ‘மோட்’ என்ற அளவுருவுக்கு ‘ஜேசன்’ என்ற மதிப்பைக் கொடுத்து அழைத்தால், எல்லாம் ஜேசனுக்கு ஏற்ற எளிய வகைகளாக மாறிவரும். தனி டிக்‌ஷனரியாக இருந்தால், ஃபாஸ்ட்ஏபிஐயின் ‘ஜேசனபிள்_என்கோடர்’ வழியாக ஒருமுறை அனுப்பிக் கொடுக்கலாம்.

‘மாடல்_டம்ப்_ஜேசன்’ என்று இன்னொரு முறையும் உண்டு. அது டிக்‌ஷனரியைத் தராது, ஏற்கெனவே ஜேசனாக்கப்பட்ட சரத்தைத் தரும். அதைக் கிளையன்டின் ‘ஜேசன்’ அளவுருவுக்குக் கொடுத்தால், சரமே மறுபடியும் ஜேசனாகி, இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் ஒரு நீண்ட சரமாகப் போகும்; சர்வர் 422 (தரவு சரிபார்ப்பில் தோல்வி) என்று திருப்பி அனுப்பும். அந்தச் சரத்தை ‘கன்டென்ட்’ அளவுருவில் கொடுத்து, உள்ளடக்க வகை ஜேசன் என்று தலைப்பில் குறிப்பிட வேண்டும்.

‘ஜேசன்’ என்பதற்குப் பதில் ‘டேட்டா’ அளவுருவைப் போட்டுப் பிழையைக் கடந்துவிட்டதாக எண்ணுவதும் உண்டு. அப்போது தரவு படிவமாகப் போகிறது, ஜேசனாக அல்ல, மறுபடியும் 422தான்.

ஆயினும், சோதனையில் அனுப்பும் தரவை மாடலிலிருந்து உருவாக்காமல், சரங்களும் எண்களும் மட்டுமே கொண்ட சாதாரண டிக்‌ஷனரியாகக் கையால் எழுதுவதையே நான் விரும்புகிறேன். நேரத்தை ஒரு சரமாக, தொகையை ஒரு சரமாக எழுதிவிட்டால் சீரியலைஸ் பிழைக்கு இடமே இல்லை. உண்மையான கிளையன்ட் அனுப்புவதும் அதைத்தான். மாடலை வைத்தே மாடலைச் சோதிக்கும்போது, புலத்தின் பெயர் தவறாக இருந்தாலும் இரு பக்கமும் ஒரே தவறைச் செய்து சோதனை வெற்றி பெற்றுவிடும்.

5. சர்வர் திருப்பும் பக்கத்தைச் சரிசெய்தல்

ரூட் ஃபங்ஷன் ஒரு டிக்‌ஷனரியையோ மாடலையோ திருப்பினால் ஃபாஸ்ட்ஏபிஐயே அதை மாற்றிக்கொள்ளும். டேட்டைமும் யுயுஐடியும் சிக்கலின்றிப் போய்விடும். பிழை எழுவது பெரும்பாலும் ‘ஜேசன்ரெஸ்பான்ஸ்’ ஒன்றை நாமே உருவாக்கித் திருப்பும்போதுதான். 201 என்ற நிலைக் குறியீடு வேண்டும் என்பதற்காக அதைப் பயன்படுத்தியிருப்பார்கள். ரெஸ்பான்ஸ் ஆப்ஜெக்ட்டை நேராகத் திருப்பினால் ஃபாஸ்ட்ஏபிஐ தன் மாற்றத்தையும் சரிபார்ப்பையும் செய்வதில்லை, உள்ளே இருப்பது அப்படியே ஜேசன் மாட்யூலுக்குப் போகிறது. நிலைக் குறியீட்டை ரூட் டெக்கரேட்டரிலேயே கொடுத்துவிட்டு மாடலை மட்டும் திருப்புங்கள். ‘ஜேசன்ரெஸ்பான்ஸ்’ கட்டாயம் தேவையென்றால், உள்ளடக்கத்தை முதலில் ‘ஜேசனபிள்_என்கோடர்’ வழியாக அனுப்புங்கள்.

திருப்பும் வகையை ‘ரெஸ்பான்ஸ்_மாடல்’ மூலமாகவோ, 0.89 பதிப்பு முதல் ஃபங்ஷனின் திருப்பு வகைக் குறிப்பு மூலமாகவோ அறிவித்துவிடுங்கள். அறிவித்த பின் சில சோதனைகள் ‘ரெஸ்பான்ஸ்வேலிடேஷன்எரர்’ என்று விழக்கூடும். அதைக் கண்டு அறிவிப்பை நீக்கிவிடாதீர்கள். மாடலும் தரவும் பொருந்தவில்லை என்ற உண்மை அப்போதுதான் வெளியே வந்திருக்கிறது. எஸ்கியூஎல்அல்கெமி (தரவுத்தள நூலகம்) ஆப்ஜெக்ட்டைத் திருப்புகிறீர்கள் என்றால், மாடலின் அமைப்பில் ‘ஃப்ரம்_ஆட்ரிபியூட்ஸ்’ என்பதை ட்ரூ என்று வைக்கும் பழக்கம் நல்லது. ஆர்டர் வாடிக்கையாளரையும், வாடிக்கையாளர் மறுபடி ஆர்டரையும் சுட்டும் வட்டத் தொடர்புகளை மாடலில் ஒரு திசையில் மட்டும் அறிவிக்க வேண்டும்.

புதியவர்களை மிகவும் பயமுறுத்தும் செய்தி இன்னொன்று. வேல்யூஎரர் என்று தொடங்கி, ‘கோரூட்டீன் ஆப்ஜெக்ட் இஸ் நாட் இட்டரபிள்’ என்று ஒன்றும், ‘வார்ஸ் ஆர்குமென்ட் மஸ்ட் ஹேவ் டிக்ட் ஆட்ரிபியூட்’ என்று ஒன்றுமாக, ஒரு லிஸ்டுக்குள் இரண்டு பிழைகள் வரும். இதில் சீரியலைஸ் என்ற சொல்லே இல்லாததால் வேறு ஏதோ என்று நினைத்துவிடுவார்கள். ‘ஜேசனபிள்_என்கோடர்’ தனக்குத் தெரியாத வகையைக் கண்டதும் முதலில் டிக்‌ஷனரியாக மாற்றிப் பார்க்கிறது, பிறகு அதன் உட்பண்புகளை எடுத்துப் பார்க்கிறது, இரண்டும் தோற்றதும் இரண்டு தோல்விகளையும் சேர்த்துச் சொல்கிறது. முதல் செய்தியில் உள்ள வகைப் பெயரை மட்டும் பாருங்கள்: கோரூட்டீன் என்றால் ‘அவெய்ட்’ சேர்க்க வேண்டும், நம்பை வகை என்றால் சாதாரண எண்ணாக மாற்ற வேண்டும்.

தவறான உள்ளீட்டைச் சோதிக்கும்போது மட்டும் எழும் பிழை ஒன்றும் உண்டு. 422 மறுமொழியின் வடிவத்தை மாற்ற நாமே ஒரு எக்செப்ஷன் ஹேண்ட்லர் எழுதி, சரிபார்ப்புப் பிழைகளின் லிஸ்ட்டை நேராக ‘ஜேசன்ரெஸ்பான்ஸ்’ உள்ளே வைத்திருப்போம். பைடான்டிக் 2ல், நாம் எழுதிய வேலிடேட்டர் ஒரு வேல்யூஎரரை எழுப்பினால், அந்த எரர் ஆப்ஜெக்ட்டே பிழை விவரத்துக்குள் சேர்ந்து வருகிறது. விளைவு, ‘ஆப்ஜெக்ட் ஆஃப் டைப் வேல்யூஎரர்’ என்ற பிழை. கட்டாயப் புலம் விடுபட்ட சோதனை வெற்றி பெறும், தொகை எதிர்மறையாக உள்ள சோதனை மட்டும் உடையும் என்பதால், இது ஹேண்ட்லரின் தவறு என்று எளிதில் தோன்றாது. பிழை லிஸ்ட்டையும் ‘ஜேசனபிள்_என்கோடர்’ வழியாக அனுப்பினால் தீர்ந்துவிடும். ஃபாஸ்ட்ஏபிஐயின் சொந்த ஹேண்ட்லர் செய்வதும் அதுவே.

கடைசியாக, ‘அவுட் ஆஃப் ரேஞ்ச் ஃப்ளோட் வேல்யூஸ்’ என்று தொடங்கும் செய்தி. இது வகைச் சிக்கல் அல்ல. ஃப்ளோட் புலத்தில் நேன் (எண் அல்லாத மதிப்பு) அல்லது முடிவிலி இருக்கிறது. பைதானின் ஜேசன் மாட்யூல் இயல்பாக அவற்றை அனுமதித்துவிடும், ஆனால் ஜேசன் தரத்தில் அவற்றுக்கு இடமில்லை என்பதால் ஸ்டார்லெட் மறுக்கிறது. பூச்சியம் ஆர்டர் உள்ள நாளுக்குச் சராசரி கணக்கிட்டது போன்ற காரணம் பின்னால் இருக்கும். நன் திருப்புவதா, புலத்தையே விடுவதா என்று முடிவெடுங்கள்.

6. ‘டிஃபால்ட்’ அளவுருவுக்கு ‘ஸ்டர்’ கொடுக்கும் குறுக்குவழி

‘ஜேசன்.டம்ப்ஸ்’ ஃபங்ஷனுக்கு இதைக் கொடுத்தால் எல்லாச் சீரியலைஸ் பிழைகளும் ஒரே அடியில் மறைந்துவிடும். அதனாலேயே இது ஆபத்தானது. டேட்டைமைச் சரமாக்கினால் நாளுக்கும் நேரத்துக்கும் நடுவே ஐஎஸ்ஓ வடிவின் ‘டி’ எழுத்துக்குப் பதில் ஓர் இடைவெளி வரும். செட் என்றால் நெளிவு அடைப்புக்குறிகளோடு ஒரே சரமாக வரும், லிஸ்டாக வராது. நாமே எழுதிய கிளாஸ் என்றால், ஆப்ஜெக்ட்டின் நினைவக முகவரியே மறுமொழிக்குள் போய் உட்காரும். அது ஒவ்வோர் ஓட்டத்திலும் மாறக்கூடியது. பதிவேட்டில் எழுத இதைப் பயன்படுத்துங்கள், ஏபிஐ மறுமொழியில் வேண்டாம்.

7. வடிவத்தை முடிவுசெய்து, அதையே சோதித்தல்

பிழை நின்றுவிட்டதாலேயே வேலை முடிந்துவிடாது. என்ன வடிவில் வெளிவருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். டெசிமலை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தத் தொகை 199.90 என்று வைப்போம். ரூட் வெறும் டிக்‌ஷனரியைத் திருப்பி, மாடல் எதுவும் அறிவிக்கப்படவில்லையென்றால், ‘ஜேசனபிள்_என்கோடர்’ அதை ஃப்ளோட்டாக்கி 199.9 என்று அனுப்பும். அதே தொகை பைடான்டிக் 2 மாடல் வழியாகப் போனால் மேற்கோள் குறிகளுக்குள் 199.90 என்ற சரமாகப் போகும். 5ஆம் படியில் சொன்னபடி மாடலை அறிவித்தவுடன் பழைய சோதனை ஒன்று இங்கே உடைவதை எதிர்பாருங்கள். பணம் என்றால் சரமே சரி என்பது என் முடிவு.

நேரத்திலும் இதே கதை. யுடிசி நேரத்தைப் பைடான்டிக் 2 இறுதியில் ‘இசட்’ எழுத்திட்டுத் தருகிறது. பைதானின் ‘ஐசோஃபார்மேட்’ கூட்டல் குறியும் 00:00ம் இட்டுத் தருகிறது. இரண்டும் ஒரே நேரம், ஆனால் சரமாக ஒப்பிட்டால் சமமில்லை. மறுமொழியில் வந்த சரத்தை ‘ஃப்ரம்ஐசோஃபார்மேட்’ கொண்டு மறுபடி டேட்டைமாக்கி ஒப்பிடுங்கள். ‘இசட்’ எழுத்தை அது புரிந்துகொள்வது பைதான் 3.11 முதல்தான்.

செட் லிஸ்டாக மாறும்போது வரிசைக்கு உத்தரவாதமில்லை. குறிச்சொற்களை லிஸ்டாகவே ஒப்பிட்டால், சோதனை காலையில் வெற்றியும் மாலையில் தோல்வியும் தரும். இருபக்கமும் வரிசைப்படுத்திய பின் ஒப்பிடுங்கள். டிக்‌ஷனரியில் எண்ணாக இருந்த கீ சரமாகத் திரும்பும், டியூப்பிள் லிஸ்டாகத் திரும்பும் என்பதையும் எதிர்பார்ப்பு மதிப்பை எழுதும்போதே கணக்கில் கொள்ளுங்கள்.

8. படிக்கும் பக்கம் உடையும்போது

‘எக்ஸ்பெக்டிங் வேல்யூ: லைன் 1 காலம் 1’ என்ற ஜேசன்டிகோட்எரர், மறுமொழி காலியாக இருக்கிறது அல்லது ஜேசனே அல்ல என்று சொல்கிறது. 204 மறுமொழிக்கு உடல் (உள்ளடக்கம்) கிடையாது. நீக்கும் ரூட்டைச் சோதிக்கும்போது பழக்கத்தில் ‘ரெஸ்பான்ஸ்.ஜேசன்’ அழைத்தால் இதுதான் வரும். ஆகவே ஒவ்வொரு சோதனையிலும் முதலில் நிலைக் குறியீட்டை உறுதிசெய்து, அதன் பிறகே உடலைப் படியுங்கள். நிலைக் குறியீட்டை உறுதிசெய்யும் வரியோடு ‘ரெஸ்பான்ஸ்.டெக்ஸ்ட்’ மதிப்பையும் செய்தியாகச் சேர்த்துவிட்டால், தோல்வியின்போது சர்வர் சொன்ன காரணம் அங்கேயே தெரியும்.

தமிழ்ப் பெயர்களைச் சோதனைத் தரவில் வைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: ‘ஜேசன்.டம்ப்ஸ்’ இயல்பாகத் தமிழ் எழுத்துகளைப் பின்சாய்வுக் கோடிட்ட யூனிகோடு எண்களாக மாற்றும், ஸ்டார்லெட் அப்படியே யுடிஎஃப்-8ல் விடும். இரண்டும் செல்லுபடியாகும் ஜேசன்தான். மூல உரையை ஒப்பிடாமல் படித்த மதிப்பை ஒப்பிட்டால் ‘இட்லி’ இட்லியாகவே இருக்கும்.

9. மாக் கசியும் இடம்

பிழையில் மேஜிக்மாக் என்ற பெயர் வந்தால் சர்வரைத் தொடாதீர்கள். தரவுத்தள அடுக்கை மாக் செய்துவிட்டு (அதன் இடத்தில் ஒரு போலியை வைத்துவிட்டு), அதன் ஒரு முறைக்குத் திருப்பு மதிப்பைக் கொடுக்க மறந்திருக்கிறீர்கள். மாக் தன்னையே போன்ற இன்னொரு மாக்கைத் திருப்பி, அது மறுமொழி வரை வந்துவிட்டது. விடுபட்ட ‘ரிட்டர்ன்_வேல்யூ’ எது என்று தேடுங்கள்.

10. ஃபிளாஸ்க், ஜாங்கோ பயன்படுத்துவோருக்கு

வரிசை அதேதான், விவரம் மட்டும் வேறு. ஃபிளாஸ்க் தானாகவே டேட்டைம், டெசிமல், யுயுஐடி, டேட்டாகிளாஸ் ஆகியவற்றை மாற்றும். டேட்டைமை மட்டும் ஐஎஸ்ஓ வடிவில் அல்லாமல், கிழமைப் பெயரோடு தொடங்கும் எச்டிடிபி தலைப்பு வடிவில் எழுதும். அதன் சோதனைக் கிளையன்டும் செயலியின் மாற்றியையே பயன்படுத்துவதால், இந்த வகைகளுக்கு அனுப்பும் பக்கத்தில் பிழை எழாது, தவறான வடிவம்தான் அமைதியாகப் போகும். ஃபிளாஸ்க் கீகளை வரிசைப்படுத்தும் இயல்புடையது. ஒரே டிக்‌ஷனரியில் எண் கீயும் சரக் கீயும் கலந்தால் ஒப்பீட்டுப் பிழை எழும். பழைய ‘ஜேசன்என்கோடர்’ வழி 2.3 பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது, இப்போது ‘ஜேசன் புரொவைடர்’ கிளாஸையே விரிவாக்க வேண்டும்.

ஜாங்கோவின் ‘ஜேசன்ரெஸ்பான்ஸ்’ லிஸ்ட்டை மேல்நிலையில் ஏற்க, ‘சேஃப்’ என்பதை ஃபால்ஸ் என்று கொடுக்க வேண்டும். ஜாங்கோ ரெஸ்ட் ஃபிரேம்வொர்க்கின் சோதனைக் கிளையன்ட் இயல்பாக மல்டிபார்ட் வடிவில் அனுப்பும். ‘ஃபார்மேட்’ அளவுருவுக்கு ‘ஜேசன்’ கொடுக்க மறந்தால், உள்ளடுக்கு டிக்‌ஷனரிகளை அது ஏற்காது.

11. மறுபடி வராமல் ஒரு சோதனை

ஒவ்வொரு ரூட்டுக்கும், எல்லாப் புலங்களும் நிரம்பிய ஒரு பதிவை உருவாக்கி மறுமொழியைப் பெற்று, தொகை சரமா, குறிச்சொற்கள் லிஸ்ட்டா, அடையாள எண் சரமா என்று வகைகளை மட்டும் உறுதிசெய்யும் ஒரு சோதனையை எழுதுங்கள். விருப்பப் புலங்களைக் காலியாக விட்டுச் சோதித்தால் நன் மட்டுமே போய்வரும். ‘டெலிவரி நேரம்’ புலத்தில் டேட்டைம் வரும்போது என்ன ஆகும் என்பது வாடிக்கையாளர் முதல் ஆர்டரைப் பெற்றுக்கொள்ளும் நாளில்தான் தெரியவரும்.